வைட்டமின் வெளியேறாத சாப்பாட்டுக் கடை

கோணப்பட்டிக்காரர்களுக்கு அறிவு இல்லை என்று சொல்பவர்கள் பொறாமை பிடித்தவர்கள். இருந்த அறிவை அவர்கள் செலவழிக்கவில்லை, அவ்வளவுதான். அந்த ஊரின் ஒரே சாப்பாட்டுக் கடை பொன்னுரங்கத்துடையது. கடை என்றால் அவருக்கு உயிர். நாலு பேர் உட்கார்ந்து சாப்பிடுவதைப் பார்த்தாலே அவருக்கு வயிறு நிறைந்துவிடும்.

ஒரு திங்கட்கிழமை சுகாதார ஆய்வாளர் அம்மா வந்தார். பொரியலை ஒரு வாய் போட்டு முகம் சுளித்தார்.

"காயை இப்படிப் பொடிசா வெட்டினா வைட்டமின் போயிரும். வெளிச்சத்துல வச்சாப் போயிரும். மூடாம வேகவச்சா ஆவியோட போயிரும். வெள்ளிக்கிழமை வருவேன். அப்பவும் இப்படியே இருந்தா கடைக்குப் பூட்டுதான்."

பொன்னுரங்கம் கல்லாவைச் சாத்திவிட்டு எழுந்தார். சமையல்கார மாசிலாமணியையும் பரிமாறும் ஏகாம்பரத்தையும் கூப்பிட்டார்.

"இத்தனை வருசமா வைட்டமின் போயிருக்கு. ஒருத்தனும் பாக்கலையாடா?"

"நான் அடுப்பைப் பாத்துட்டு நின்னனுங்க. வாசல்ல நின்னது ஏகாம்பரம்தானுங்க."

"என்னைத் தாண்டி ஒண்ணும் போகலீங்க," என்றான் ஏகாம்பரம். "கொல்லைப் பக்கமாத்தான் போயிருக்கோணும்."

மூவரும் வெகுநேரம் யோசித்தார்கள். சட்டியை மூடினால் பரிமாறும்போது திறந்தாக வேண்டும். கடையையே மூடிவிட்டால் அந்தக் கவலை இல்லை என்று முடிவானது.

மறுநாள் கொல்லை வாசலைச் செங்கல் வைத்து அடைத்தார்கள். புகைபோக்கியில் சாக்கைத் திணித்தார்கள். சன்னலுக்குத் தார் பூசினார்கள். காயை வெட்டவே கூடாதென்று பொன்னுரங்கம் உத்தரவு போட்டார்.

புதன்கிழமை கும்மிருட்டில் மூன்று பேர் சாப்பிட உட்கார்ந்தார்கள். முழுப் புடலங்காய் ஒன்று மூன்று இலைக்கும் குறுக்கே வந்து படுத்தது. ஓரத்து ஆட்கள் இருவரும் கடித்துக்கொண்டே நெருங்க, நடுவில் இருந்தவர்தான் பாவம், பயந்துபோய் எழுந்து ஓடினார்.

அவர் ஓடியதைக் கேட்ட பொன்னுரங்கம் தலையில் அடித்துக்கொண்டார்.

"அடப்பாவிகளா, சாப்பிட வர்றவனெல்லாம் வயித்துல வச்சு வைட்டமினை வெளிய கொண்டுபோறானே. இது நம்ம புத்திக்கு எட்டலையே."

வியாழன் முதல் யாருக்கும் சாப்பாடு இல்லை என்றாயிற்று. அதைச் சொல்லும்போது அவருக்கு அழுகையே வந்துவிட்டது. ஆனாலும் கடை பிழைக்க வேண்டுமே.

வெள்ளிக்கிழமை காலை மூவரும் உள்ளே தாழ்ப்பாள் போட்டுக்கொண்டு, புகையில் கண் எரிய உட்கார்ந்திருந்தார்கள். வெளியே ஆய்வாளர் அம்மா கதவைத் தட்டினார்.

"திறக்கட்டுங்களா?" என்று ஏகாம்பரம் காதோடு கேட்டான்.

"நாலு நாளாப் பிடிச்சு வச்சதை ஒரு நொடியில விட்டுருவியா? மூச்சு விடாதே."

அந்த அம்மா இரண்டு முறை கூப்பிட்டுப் பார்த்தார். சத்தமே இல்லை. கடையை விட்டுவிட்டு ஓடிவிட்டார்கள் என்று நினைத்து, வெளியே பெரிய பூட்டாகப் போட்டு அரக்கு முத்திரையும் வைத்தார்.

வெளியே பூட்டு விழுந்த சத்தத்தைக் கேட்ட பொன்னுரங்கத்துக்கு மனசு குளிர்ந்துவிட்டது. "பாத்தியா மாசிலாமணி, நமக்குத் தாழ்ப்பாள்தான் தோணுச்சு. படிச்சவங்க படிச்சவங்கதான்."

ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. அவர் பதறி எழுந்து கதவில் வாயை வைத்துக் கத்தினார்.

"அம்மா, புண்ணியமாப் போகும், யார் கெஞ்சிக் கேட்டாலும் அந்தச் சாவியை மட்டும் குடுத்துராதீங்க!"