தோளில் வந்த அச்சு

உன்னைத்தான் சொல்கிறேன். பேரைச் சொல்ல மாட்டேன், உனக்கே தெரியும். "என் துணிச்சல், என் கை, என் தலை" என்று போகிற இடமெல்லாம் மார்தட்டிக்கொண்டு திரிகிறாயே, நீ சொல்வது பொய். நீ துணிந்து கால் வைத்த ஒவ்வொரு இடத்திலும், உனக்குக் கீழே யாரோ வயிற்றைக் கட்டிச் சேர்த்தது ஒன்று கிடந்தது. அதன்மேல் ஏறி நின்றுதான் உயரத்தைத் தொட்டாய். இதுவரை அந்த ஆளுக்கு ஒரு வார்த்தை சொன்னாயா? உட்கார். எழுந்து போகாதே. மற்றவர்களும் கேளுங்கள். சின்னவர்களெல்லாம் முன்னால் வந்து உட்காருங்கள். கதை உங்களுக்கு, கோபம் அவனுக்கு மட்டும்.

காசு என்று ஒன்று இன்னும் பிறக்காத காலம். ராஜாவே ஆனாலும் நெல்லை அளந்து கொடுத்துத்தான் உப்பு வாங்க வேண்டும். அந்தக் காலத்தில், தெற்குக் கடலோரம் ஓர் உப்பளம் இருந்தது. அளம் கொற்றன் என்பவனுக்குச் சொந்தம். வண்டிகளும் அவனுக்கு, மாடுகளும் அவனுக்கு. வெயில் மட்டும் மற்றவர்களுக்கு.

அந்த அளத்தில் தாய் தகப்பன் இல்லாத அக்காவும் தம்பியும் கூலி வேலை செய்தார்கள். அக்கா வெண்ணி பாத்தியில் உப்பு வாரினாள். தம்பி ஆதன் கொற்றனின் வண்டியை மலைநாட்டுக்கு ஓட்டினான். இரண்டு பேருக்கும் ஒரே ஆசைதான்: சொந்தமாக ஒரு வண்டி. சொந்த வண்டி உள்ளவனைப் பார்த்து யாரும் "வா" என்று சொல்ல முடியாது, "வருகிறாயா" என்றுதான் கேட்க முடியும். விடுதலை என்று அவர்கள் நினைத்தது அதைத்தான்.

அந்த மக்களிடம் ஒரு வழக்கம் இருந்தது. உப்பு ஏற்றிய வண்டி கிளம்பும் முன்பு, கொற்றன் நுகத்தடியில் ஒரு பிடி உப்பை வைத்து, "இந்த வண்டி யாரால் ஓடுகிறது?" என்று மூன்று முறை கேட்பான். வண்டிக்காரன் மூன்று முறையும் ஒரே பேரைச் சொல்ல வேண்டும். எந்தப் பேரைச் சொல்கிறானோ அவருக்கே வண்டி, அவருக்கே வண்டியில் திரும்பி வரும் நெல். ஊரே அதற்குச் சாட்சி.

ஆதன் வருஷா வருஷம் "கொற்றனால் ஓடுகிறது" என்று மூன்று முறை சொன்னான். அளத்தின் எல்லையைத் தாண்டியதும் ஒரு முறை துப்பினான்.

கூலியாகக் கிடைப்பதும் உப்புதான். வெண்ணி அரை வயிற்றுக் கஞ்சி குடித்து, மிச்ச உப்பைப் பானையில் போட்டு வைத்தாள். ஆதன் தன் பங்கைக் கொடுத்துக் கருவாடு தின்றான், கள் குடித்தான், சேவல் சண்டையில் பந்தயம் கட்டினான்.

முதல் வருஷம் ஐப்பசி மழை வந்தது. வெண்ணி பானையை எட்டிப் பார்த்தாள். உப்பு இல்லை, உப்புத் தண்ணீர்தான் இருந்தது.

ஆதன் சிரித்தான். "உன் உப்பும் போச்சு, என் உப்பும் போச்சு அக்கா. நான் தின்னு கரைச்சேன், நீ தின்னாம கரைச்சே."

இரண்டாம் வருஷம் பானையைப் பரணில் ஏற்றினாள். கூரை ஒழுகி, அதுவும் கரைந்தது.

மூன்றாம் வருஷம் வெண்ணி மழைக்குக் காத்திருக்கவில்லை. உள்நாட்டிலிருந்து ஒரு தச்சன் மரச்சாமான் விற்க வந்தான். அவனோடு பொழுது சாயும்வரை பேரம் பேசி, தன் உப்பு முழுவதையும் கொடுத்து, கருவேல மரத்தில் கடைந்த வண்டி அச்சு ஒன்றை வாங்கி வீட்டுக்குள் சாத்தி வைத்தாள்.

"வண்டியே இல்லாம அச்சு எதுக்கு?" என்றான் ஆதன்.

"இது கரையாது. இந்த வருஷம் அச்சு. அடுத்த வருஷம் ஒரு சக்கரம். அதுக்கு அடுத்த வருஷம் இன்னொண்ணு."

"மாடு வாங்குறப்ப உனக்குப் பல்லு இருக்காது. மாடு உனக்கும் சேர்த்து மெல்லணும்."

"மெல்லட்டும். என் மாடுதானே."

அவள் சொன்னதில் தப்பில்லை. ஆதன் சொன்னதிலும் தப்பில்லை. கடுகு கடுகாய்ச் சேர்த்தால் காலம் போய்விடும். சேர்க்காமல் பாய்ந்தால் கால் போய்விடும். நடுவில் ஒரு வழி உண்டா என்று யாரும் அவர்களுக்குச் சொல்லவில்லை. அடிபட்டுத்தான் கற்றார்கள்.

அந்த வருஷம் மேகம் சீக்கிரமே கூடிவிட்டது. வண்டிக்காரர்கள் எல்லோரும் மழைக்குப் பயந்து மாட்டை அவிழ்த்துவிட்டார்கள். அளத்தில் உப்பு மலை மாதிரி குவிந்து கிடந்தது. மழை வந்தால் எல்லாம் கடலுக்கே திரும்பிவிடும். கொற்றன் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தான்.

ஆதன் அவன் முன்னால் போய் நின்றான். "நான் கொண்டு போறேன். மழை நாளெல்லாம் மலையில இருக்கிறவனுக்கு உப்பு வேணும். கடைசியா வர்ற வண்டிக்குத்தான் விலை."

கொற்றன் நிமிர்ந்து பார்த்தான். "அந்தப் பழைய வண்டியையும் கிழட்டு மாட்டு ஜோடியையும் எடுத்துக்கோ. நெல்லோட திரும்பி வந்தா எனக்குப் பாதி நெல். வண்டியும் மாடும் உனக்கு. திரும்பலேன்னா நீயும் உன் அக்காவும் ஆயுசு பூரா கூலி கேட்காம என் அளத்துல வேலை செய்யணும்."

"சரி" என்றான் ஆதன். அக்காவைக் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து சொன்னான். வெண்ணி கையில் இருந்த அகப்பையைக் கீழே வைத்தாள். "சேவலை வச்சு ஆடினே, ஒண்ணும் சொல்லல. இப்ப என்னை வச்சு ஆடிட்டு வந்திருக்கே."

"ஜெயிச்சா உனக்கும்தான் அக்கா."

"தோத்தாலும் எனக்கும்தான்டா." பிறகு எழுந்து அந்த அச்சை எடுத்து வந்தாள். "இதை வண்டிக்கு அடியில கட்டு. மத்த வண்டியிலெல்லாம் மாத்து அச்சு இருக்கு. உன் கிழட்டு வண்டிக்கு அவன் அதுகூடத் தரல."

"அது இருக்கிற எடைக்கு இன்னொரு மூட்டை உப்பு ஏத்தலாம். உடையும்னு நினைச்சுக் கட்டினா உடையத்தான் செய்யும்."

வெண்ணி ஒரு பழந்துணியை அச்சின் நடுவில் சும்மாடு போல இறுகச் சுற்றினாள். அதைத் தோளில் தூக்கிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் நடக்க ஆரம்பித்தாள்.

கிளம்பும்போது வழக்கப்படி கொற்றன் கேட்டான். வண்டி இன்னும் அவனுடையதுதான் என்பதால், ஆதன் மூன்று முறையும் கொற்றன் பேரைச் சொன்னான். பின்னால் மரத்தைச் சுமந்து நிற்கும் பெண்ணைப் பார்த்து ஊர் சிரித்தது.

மணல் காட்டில் நடந்தாள். கரிசல் காட்டில் நடந்தாள். கல் காட்டில் நடந்தாள். தோள் மாற்றித் தோள் மாற்றி நடந்தாள்.

"வழி பூரா சிரிக்கிறாங்க அக்கா. எனக்கு வெட்கமா இருக்கு. அதைத் தூக்கிப் போட்டுட்டு வண்டியில ஏறு."

"சிரிக்கட்டும். சிரிப்புக்கு எடை இல்ல. நீ வழியைப் பாரு."

மலை தொடங்கும் இடத்தில் ஒரு கணவாய். ஏற்றத்தில் பாதி வந்தபோது, வண்டிக்கு அடியில் எலும்பு முறிகிற மாதிரி ஒரு சத்தம். அச்சு இரண்டாக உடைந்து, ஒரு சக்கரம் சாய்ந்து, வண்டி மண்டி போட்டது. கடல் பக்கம் திரும்பிப் பார்த்தால் மேகம் ஊர்ந்து வருகிறது. மரம் வெட்ட ஆள் இல்லை, கடைய உளி இல்லை. கண் எதிரே உப்பு. அது கரைந்தால் இரண்டு பேரும் ஆயுள் அடிமை.

ஆதனின் முகம் செத்துப்போயிற்று. வெண்ணி மெதுவாக நடந்து வந்தாள். தோளில் இருந்ததைத் தரையில் இறக்கினாள்.

ஆதன் அவள் காலடியிலேயே உட்கார்ந்துவிட்டான். "அக்கா, இந்த மரத்துக்கு இந்த வண்டியையே கேளு. தர்றேன்."

"முதல்ல மூட்டையை இறக்கு. வியாபாரம் அப்புறம்."

மூட்டைகளை இறக்கினார்கள். கட்டையை முட்டுக் கொடுத்து வண்டியைத் தூக்கினார்கள். பழைய அச்சைத் தட்டி எடுத்துப் புது அச்சை மாட்டினார்கள். சுற்றியிருந்த துணியை அவிழ்க்கக்கூட நேரமில்லை. முதல் தூறல் விழும்போது மலைச் சந்தையின் கொட்டகைக்குள் நுழைந்துவிட்டார்கள்.

அங்கே ஆதன் யார் என்று பார்க்க வேண்டுமே. வேறு உப்பு வண்டியே இல்லை. மலைக்காரர்கள் ஒரு மூட்டைக்கு ஒரு மூட்டை நெல் என்றார்கள். ஆதன் மாட்டைத் திருப்பினான். இரண்டு என்றார்கள். நுகத்தடியை நேராக்கினான். மூன்று என்றார்கள். இறங்கி மூட்டையை அவிழ்த்தான். வெண்ணியாக இருந்தால் ஒன்றிலேயே சம்மதித்திருப்பாள். அந்த நெஞ்சுரம் ஆதனுடையது. அதை யாரும் மறுக்க முடியாது, நானும் மறுக்கவில்லை.

மழை ஓய்ந்ததும் திரும்பினார்கள். வண்டி நிறைய நெல். வண்டியில் கொள்ளாத மீதி நெல்லைக் கொடுத்து வாங்கிய இளங்காளை ஜோடி பின்னால் வந்தது. கொற்றன் சொன்ன சொல் தவறவில்லை. பாதி நெல்லை எடுத்துக்கொண்டு, வண்டியையும் மாட்டையும் ஆதனிடமே விட்டான்.

ஊர் கூடிக் கதை கேட்டது. முதல் முறை ஆதன் சொன்னான்: "அச்சு உடைஞ்சுது. அக்கா தோள்ல சுமந்து வந்த அச்சை மாட்டினோம்." இரண்டாம் முறை சொன்னான்: "அச்சு உடைஞ்சுது. மாத்தினேன்." மூன்றாம் முறை சொன்னபோது அச்சு உடையவே இல்லை. வெண்ணி மூன்றையும் கேட்டாள்.

வெயில் காலம் வந்தது. சொந்த வண்டியில் ஆதன் முதல்முறையாக உப்பு ஏற்றினான். ஊர் திரண்டு நின்றது. கொற்றன் நுகத்தடியில் ஒரு பிடி உப்பை வைத்தான்.

"இந்த வண்டி யாரால் ஓடுகிறது?"

"ஆதனால் ஓடுகிறது."

"யாரால் ஓடுகிறது?"

"ஆதனால் ஓடுகிறது."

மூன்றாம் முறை கேட்பதற்குள் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வெண்ணி வந்தாள். "தம்பி, வண்டி உன்னோடதுதான். நீயே வச்சுக்கோ. என் அச்சை மட்டும் கழற்றிக் கொடு. நான் போறேன்."

ஆதன் குரலைத் தாழ்த்தினான். "இதென்ன நேரம் அக்கா? சுமை ஏத்தியாச்சு."

"அன்னைக்கும் சுமை ஏத்தித்தான் இருந்தது."

"உனக்கு ரெண்டு அச்சு வாங்கித் தர்றேன்."

"என் அச்சு."

"ஒரு சக்கரமும் சேர்த்துத் தர்றேன்."

"என் அச்சு."

"ஒரு வண்டி நெல் தர்றேன். என்னதான் விலைன்னு நீயே சொல்லித் தொலையேன்."

"நான் ஏன் சொல்லணும்? விலையை நீதான் சொன்னே. கணவாயில, மேகம் துரத்தி வந்தப்ப. அதையே இங்க எல்லாரும் கேட்கிற மாதிரி ஒரு தடவை சொல்லு."

ஆதன் கண்ணைத் தாழ்த்தினான். வண்டிக்கு அடியில், அச்சின் நடுவில், அந்தப் பழந்துணி இன்னும் சுற்றியிருந்தது. அக்காவின் தோளில் கசிந்த ரத்தம் காய்ந்து அதில் கறுத்திருந்தது. அவன் குனிந்து அதைத் தொட்டான். வெகு நேரம் கையை எடுக்கவில்லை.

"மூணாம் தடவை கேட்கட்டுமா?" என்றான் கொற்றன்.

"வேண்டாம்" என்றான் ஆதன். "முதல்ல இருந்து கேளுங்க."

கொற்றன் மூன்று முறை கேட்டான். ஆதன் மூன்று முறை சொன்னான்.

"வெண்ணியால் ஓடுகிறது."

வண்டி, மாடு, வரப்போகும் நெல், எல்லாம் அந்த நொடியில் அக்காவுக்குப் போயிற்று. ஆதன் கயிற்றை அவள் கையில் கொடுத்துவிட்டு ஒதுங்கி நின்றான். "அன்னைக்கே சொல்லியிருக்கணும் அக்கா. நீ சுமந்ததாலதான் நான் மனுஷனா திரும்பி வந்தேன்."

வெண்ணி அவன் தலையில் ஒரு குட்டு வைத்தாள். "எனக்குப் பாதி போதும்டா, முழுசையும் கொடுத்துட்டு நிக்கிறியே. நீ கிளம்பலேன்னா என் அச்சு இன்னைக்கும் வீட்டுச் சுவர்லதான் சாஞ்சு கிடக்கும். உனக்கு நான் நன்றி சொல்ல வேண்டாமா? ஐயா, இன்னொரு தடவை கேளுங்க."

கொற்றன் சலித்துக்கொண்டு மறுபடியும் கேட்டான். இந்தத் தடவை அக்காவும் தம்பியும் சேர்ந்தே சொன்னார்கள்: "சேர்த்தவளால், துணிந்தவனால்." வண்டி நகர்ந்தது. பிறகு அந்தக் கடலோரத்தில் எந்த வண்டி கிளம்பினாலும் ஒரு பேருக்குப் பதில் இரண்டு பேர்களைச் சொல்வது வழக்கமாயிற்று. மாற்று அச்சு இல்லாமல் ஒரு வண்டியும் அங்கிருந்து கிளம்பியதில்லை.

குழந்தைகளே, கதையின் நீதி இதுதான்: சிக்கனம் தனியாகக் கிடந்தால் கரையும், துணிச்சல் தனியாக ஓடினால் உடையும், இரண்டும் சேர்ந்தால்தான் விடுதலை கிடைக்கும், அப்படிக் கிடைத்தவன் தனக்காகச் சேர்த்தவரின் பேரை ஊரறியச் சொல்ல வேண்டும்.

இப்போது நீ எழுந்திரு. ஆம், நீதான். ஆதன் முதலில் இருந்து கேட்கச் சொன்னான். அதனால் நானும் முதலில் இருந்து கேட்கிறேன். உன் வண்டி யாரால் ஓடுகிறது? உனக்காகத் தோளில் சுமந்தவர் இன்னும் உயிரோடுதான் இருக்கிறார், இன்றைக்கும் அரை வயிற்றுக் கஞ்சிதான் குடிக்கிறார். என்னிடம் பேரம் பேசாதே, விலையைக் குறைக்க மாட்டேன். இன்றைக்கே அவர் வாசலுக்குப் போ. நாலு பேர் கேட்க அவர் பேரைச் சொல். அவர் பங்கை அவர் கையில் கொடு.