சரளை மேடு

"மூணாவது தடவையும் கயிறு கட்டிட்டாங்க, கோச். நான் எங்க தப்பு பண்றேன்?"

பெத்துராஜ் வந்து நின்ற கோலம் இதுதான். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

அவனுக்கு வயது நாற்பத்தாறு. அருப்புக்கோட்டையில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். ஜெனோவாவுக்கு இருபத்தொன்பது. பள்ளிக்கூடத்தில் விளையாட்டு ஆசிரியை. அவளிடம்தான் அவன் பயிற்சிக்கு வந்தான். அவன் அவளைக் கோச் என்பான். அவள் அவனை அண்ணே என்பாள்.

போட்டி நடப்பது மலையடிவாரத்து அணை ஒன்றில். முதலில் அணைத் தண்ணீரில் நீச்சல். கரையேறியதும் காட்டுப்பாதையில் சைக்கிள், இரண்டு சுற்று. அதன்பிறகு மலைமேல் ஓட்டம்.

பத்தரை மணிக்குள் சைக்கிளோடு திரும்பி வந்துவிட வேண்டும். பத்தரை அடித்தால் சைக்கிள் நிறுத்தும் இடத்தின் வாசலில் கயிறு கட்டிவிடுவார்கள். கயிற்றுக்கு வெளியே நிற்பவனுக்கு ஓட்டம் கிடையாது.

மூன்று வருஷமாகப் பெத்துராஜ் வெளியேதான் நின்றான்.

"நீச்சல் எப்படி?"

"கிணத்துல கத்துக்கிட்டது, கோச். பாதிப் பேருக்கு முன்னாடி கரையேறிடுவேன்."

"ஓட்டம்?"

"அதைத்தான் ஓட விட மாட்டேங்கிறாங்களே."

ஜெனோவா சிரித்தாள். அவன் சிரிக்கவில்லை.

"இந்த வருஷமும் போச்சுன்னா சைக்கிளை வித்துடறேன்னு வீட்ல சொல்லிட்டேன். எனக்குக் கப்பு வேணாம், மெடல் வேணாம். ஒரே ஒரு தடவை அந்த மலையில ஓடணும்."

"போன வருஷம் எவ்வளவு நேரத்துல விட்டீங்க?"

"பதினோரு நிமிஷம்."



"ஓட்டிக் காட்டுங்க."

ஞாயிற்றுக்கிழமை காலையில் அந்தக் காட்டுப்பாதைக்கே போனார்கள். பாதை நடுவில் ஒரு மேடு. அரைக் கிலோமீட்டர் இருக்கும். முழுக்கச் சரளைக்கல்.

பெத்துராஜ் மிதித்தான். பின்சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றியது. விழுந்தான். பத்தடி பின்னால் போய் மறுபடி ஏறி மிதித்தான். மறுபடி விழுந்தான். முழங்கை உரிந்தது. உச்சிக்கு வந்தபோது பதினேழு நிமிஷம் ஆகியிருந்தது.

ஜெனோவா பக்கத்திலேயே நடந்து வந்திருந்தாள். வழியில் இரண்டு இடத்தில் அவனுக்காகக் காத்து நிற்கவும் செய்தாள்.

"ஏண்ணே இறங்கல?"

"இறங்கினா தோத்த மாதிரி."

"இறங்கித் தள்ளக் கூடாதுன்னு விதி இருக்கா?"

"இல்ல."

"பின்ன?"

பெத்துராஜ் முழங்கையில் ஒட்டிய மண்ணைத் தட்டினான். தட்ட வேண்டியதை எல்லாம் தட்டி முடித்த பிறகும் தட்டிக்கொண்டே இருந்தான்.

"பதினோரு வருஷம் தண்ணிக் குடம் தள்ளினவன், கோச். எங்க ஊர்ல குழாய்த் தண்ணி வராத காலம். ஒரு சைக்கிள்ல எட்டுக் குடம். தெருத்தெருவா தள்ளிட்டே போவேன். சீட்டுல உக்காந்தது காலிக் குடத்தோட திரும்பும்போது மட்டுந்தான். இந்தச் சைக்கிள் தள்றதுக்கு வாங்கினதில்ல."

 ஜெனோவா சைக்கிளைப் பிடுங்காத குறையாக வாங்கிக்கொண்டு கீழே இறங்கினாள். அடிவாரத்தில் திருப்பி, மேட்டில் தள்ள ஆரம்பித்தாள்.

பத்தடி போவதற்குள் ஹேண்டில் திரும்பிக்கொண்டது. பெடல் அவள் கெண்டைக்காலில் இடித்தது. இன்னும் ஐந்தடி. சக்கரம் சறுக்கிச் சைக்கிள் அவள்மேல் சாய்ந்தது.

பெத்துராஜுக்குப் பொறுக்கவில்லை. இறங்கி வந்தான்.

"என்ன கோச், சண்டி மாட்டைச் சந்தைக்கு இழுத்துட்டுப் போற மாதிரி இருக்கு."

"எனக்கு இதைத் தள்ளத் தெரியாது. நான் படிச்ச பயிற்சியில யாரும் சொல்லித் தரல."

"ஹேண்டிலை எதுக்கு ரெண்டு கையாலயும் கட்டிப் பிடிக்கிறீங்க? இடது கை மட்டும் போதும், அதுவும் லேசா. வலது கை சீட்டுக்கு அடியில. அதுலதான் தள்ளு இருக்கு. இடுப்பு வண்டியில சாஞ்சிருக்கணும். சின்ன எட்டு. கல்லைப் பாக்காதீங்க."

"புரியல. செஞ்சு காட்டுங்க."

வாங்கினான். தள்ளினான். உச்சிக்குப் போய்த்தான் நின்றான்.

திரும்பிப் பார்த்தால் ஜெனோவா பாதி மேட்டில் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தாள். வந்து சேர்ந்ததும் கைக்கடிகாரத்தை அவன் முகத்துக்கு நேரே நீட்டினாள். எட்டு நிமிஷம்.

"இது என்ன பெரிய விஷயம், கோச். குடமே இல்லையே."

"ஆமாண்ணே," என்றாள் அவள். "குடமே இல்ல."

அன்றைக்கு அதோடு வீட்டுக்கு அனுப்பிவிட்டாள்.

போட்டி நாள். கரையேறியவர்களில் பெத்துராஜ் முப்பத்தைந்தாவது ஆள். சரளை மேட்டுக்கு வந்தபோது முன்னால் நாலைந்து பேர் மிதிப்பதும் விழுவதுமாக இருந்தார்கள். இரண்டு பக்கமும் கூட்டம். கைதட்டல், விசில். அவன் தெருவிலிருந்து ஒரு வேன் நிறைய ஆட்கள் வந்திருந்தார்கள்.

கொஞ்ச தூரம் மிதித்தான். சக்கரம் சுற்ற ஆரம்பித்ததும் இறங்கினான்.

கூட்டத்தில் அவன் தெருக்குரல் ஒன்று கேட்டது.

"என்ன பெத்து, மறுபடியும் தண்ணி வண்டியா?"

வேன் மொத்தமும் சிரித்தது.

அவன் காது சுட்டது. ஒரு கால் தானாகப் பெடல்மேல் போனது. போன காலை எடுத்துக் கீழே ஊன்றினான். வலது கையைச் சீட்டுக்கு அடியில் கொடுத்தான்.

"உங்க வீட்டுக்கு எத்தனை குடம்?" என்றான், திரும்பிப் பார்க்காமல்.

இந்தத் தடவை சிரிப்பு வேறு மாதிரி இருந்தது. சிரித்தவர்களே வழிவிட்டு ஒதுங்கினார்கள். மேட்டு உச்சிக்குள் நாலு பேரைத் தாண்டினான். இரண்டாவது சுற்றில் ஆறு பேர்.

வாசலுக்கு வந்தபோது மணி பத்து இருபத்துநாலு. கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு நின்றவர் அவனைப் பார்த்து, போங்க போங்க என்று தலையசைத்தார்.

உள்ளே வந்துவிட்டான்.

மூன்று வருஷமாக வெளியே நின்று பார்த்த இடம். வரிசையாகச் சைக்கிள் நிறுத்தும் கம்பிகள். அவனுடைய எண் எழுதிய இடத்தில் ஓட்டத்துக்காக அவன் வைத்த ஷூ. அதற்கு அப்பால் ஒரு ஒற்றையடிப்பாதை மலைமேல் ஏறியது. பக்கத்தில் வந்தவர்கள் சைக்கிளை மாட்டிவிட்டு அதில் ஓடி மறைந்துகொண்டிருந்தார்கள்.

பெத்துராஜ் சைக்கிளைப் பிடித்தபடி நின்றுகொண்டே இருந்தான்.

வேலிக்கு அந்தப் பக்கம் ஜெனோவா.

"கோச், உள்ள வந்துட்டேன்."

"தெரியுது."

"மூணு வருஷமா, கோச்..."

"அண்ணே," என்றாள் ஜெனோவா. "சைக்கிளை விடுங்க."