இரண்டு பெட்டிகளும் நீலமான கதை

தன்னிடம் வேலை செய்யும் மூவரில் ஒருவர் பெயரைச் சாயங்காலத்துக்குள் சொல்லியாக வேண்டும் என்ற நிலை தாமரைச்செல்விக்கு வந்தது. மூவரும் அவள் சொன்னபடி நடந்தவர்கள். அதனால்தான் இது கதையாகிறது.

கோவையில் ஒரு பேக்கரியின் மாடியில் அவளுடைய அலுவலகம் இருந்தது. கம்பெனிகள் கூட்டத்திலும் பயிற்சியிலும் திரையில் போட்டுக் காட்டும் ஸ்லைடுகளை அங்கே தயாரித்தார்கள். முன்பெல்லாம் ஒரு கம்பெனி தன் நிறத்தை மாற்றிக்கொண்டால், ஒவ்வொரு ஸ்லைடாகத் திறந்து ஒவ்வொரு பெட்டிக்கும் நிறம் மாற்றுவார்கள். கண் எரியும். எங்காவது ஒரு பெட்டி பழைய நிறத்திலேயே நின்றுபோய் வாடிக்கையாளரிடம் பேச்சு வாங்குவார்கள். ஆகவே செல்வி ஒரு விதி கொண்டுவந்தாள். தலைப்பு எங்கே, படம் எங்கே என்று இடம் வகுப்பது லேஅவுட். நிறமும் எழுத்தின் உருவமும் தீம். லேஅவுட் செய்கிறவர் நிறத்தைத் தொடக் கூடாது. இந்தப் பெட்டிக்கு தீமின் எத்தனையாவது நிறம் என்று மட்டும் குறித்துவிட வேண்டும். தீம் செய்கிறவர் இடத்தைத் தொடக் கூடாது. பிறகு, உடுப்பு மாற்றுவதுபோலப் பழைய தீமைக் கழற்றிப் புதியதை மாட்டிவிடலாம். ஒரே தட்டு. திரும்பப் பார்க்கவும் தேவையில்லை. இதைச் சொல்லித்தான் அவள் வேலையும் பிடித்தாள்.

பாதி வேலை ஒரு பாய்லர் கம்பெனியிலிருந்து வந்தது. மில்களில் பாய்லர் ஓட்டுகிறவர்களுக்கான பயிற்சி ஸ்லைடுகள். அவற்றுக்கு லேஅவுட் செய்தவர் கிருபாகரன். செல்வியோடு ஆரம்பத்திலிருந்து இருப்பவர். அவர் செய்த ஒரு லேஅவுட்டில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு பெட்டிகள். இடது பெட்டியில் திறக்கக் கூடாத வால்வின் படம், வலது பெட்டியில் திறக்கலாம் என்கிற வால்வின் படம். லேஅவுட்டுக்குள் அவற்றுக்கு ‘அபாயம்’, ‘சரி’ என்று பெயரும் வைத்திருந்தார். அந்தப் பெயர்கள் ஸ்லைடு செய்கிறவர்களின் கணினியில் தெரியும், திரையில் வராது. இடதுக்கு ஐந்தாவது நிறம், வலதுக்கு ஆறாவது நிறம் என்று குறித்தார். அன்றைய தீமில் ஐந்தாவது சிவப்பு, ஆறாவது பச்சை. பார்த்தவர்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

பிறகு பாய்லர் கம்பெனி கைமாறியது. நீலத்தைத் தவிர வேறு நிறம் கூடாது என்றார்கள் புதியவர்கள். தீம் செய்யும் ஷாகிரா ஆறு நிறங்களையும் நீலத்திலேயே எடுத்துக் கொடுத்தாள். மூன்று மாதம் முன்பு சேர்ந்த மயிலானந்தன் அதை மாட்டினான். எல்லா ஸ்லைடுகளும் ஒரே தட்டில் மாறின.

போன வாரம் ஒரு மில்லில் பயிற்சி. பயிற்சியாளர் வரத் தாமதமானதால் ஸ்லைடைத் தானாக ஓடவிட்டிருந்தார்கள். முருகையன் என்கிற தொழிலாளி அதைக் கவனமாகப் பார்த்துவிட்டுப் போய் இடது பெட்டியில் கண்ட வால்வைத் திறந்தார். நீராவி அவர் வலது கையை வேகவைத்துவிட்டது. விரல் மடங்குமா என்று இப்போது சொல்ல முடியாது என்றார் டாக்டர்.

காலையில் பாய்லர் கம்பெனியிலிருந்து போன் வந்தது. காரணமானவர் யார் என்று சாயங்காலத்துக்குள் சொல்ல வேண்டும், அவரை வேலையிலிருந்து நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் வேறு இடம் பார்த்துக்கொள்கிறோம். பாதி வேலை போனால் பாதிப் பேரை அனுப்ப வேண்டிவரும் என்று செல்விக்குத் தெரியும். மூவரையும் கூப்பிட்டாள். கண்ணை உள்ளங்கையால் அழுத்திக்கொண்டே, இது எப்படி நடந்தது என்று கேட்டாள்.

“நிறத்தைத் தொடாதீங்கன்னு சொன்னீங்க மேடம், தொடலை,” என்றார் கிருபாகரன். “அஞ்சாவது நிறம்னு போட்டேன். அஞ்சாவது எப்பவும் சிவப்பாத்தான் இருந்துச்சு.”

“இருந்துச்சுன்னா எனக்கு எப்படிண்ணா தெரியும்?” என்றாள் ஷாகிரா. “எங்கிட்ட யாராச்சும் சொன்னாங்களா? நான் அந்த ஸ்லைடையே பாக்கலை. பாக்காம வேலை செய்யலாம்ங்கறதுதானே இந்த ஏற்பாடே.”

மயிலானந்தன் நாற்காலியின் கைப்பிடியைத் தடவிக்கொண்டிருந்தான். “என் பேரைத்தான் சொல்லுவீங்கன்னு தெரியும் மேடம். நான் இன்னும் நிரந்தரம்கூட இல்லை. ஒருவாட்டி ஓட்டிப் பாத்துரட்டுமான்னு கேட்டேன். அதுக்குத்தானே பிரிச்சு வெச்சிருக்கோம், அனுப்புன்னீங்க.” கைப்பிடியை விட்டுவிட்டுச் சொன்னான்: “பேசாம தீம் மாத்தற அந்த பட்டன் பேரைக் குடுத்துருங்க.”

ஷாகிராவுக்குச் சிரிப்பு வந்து, பாதியில் நின்றது.

“யாரும் பொய் சொல்லலை,” என்றாள் செல்வி. “சொல்லியிருந்தா எனக்குச் சுலபமா இருந்திருக்கும்.”

மயிலானந்தன் சொன்னது சரிதான். வாய்க்கு முதலில் வந்த பெயர் அவனுடையதுதான். யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள். செல்வி போனை எடுத்தாள், வைத்தாள்.

இதை வாசிக்கிற நீங்கள் சொல்லுங்கள். லேஅவுட் செய்தவர் நிறத்தைத் தொடவில்லை. தீம் செய்தவள் இடத்தைத் தொடவில்லை. மாட்டியவன் கேட்டுவிட்டுத்தான் அனுப்பினான். இதில் தவறு யாருடையது? செல்வி எந்தப் பெயரைச் சொல்ல வேண்டும்?

விடை: ஷாகிரா மாற்றியது உடுப்பை. உடுப்பு எந்த நிறத்திலும் இருக்கலாம். மயிலானந்தன் பார்க்காமல் அனுப்பியது செல்வியின் சொல்லால், அந்தப் பங்கு அவளைச் சேரும். ஆனால் இந்த நால்வரில் எது அபாயம் என்று அறிந்து, அதற்குப் பெயரும் வைத்தவர் கிருபாகரன் மட்டுமே. விதி அவருக்குத் தடுத்தது நிறத்தை. ‘திறக்காதே’ என்ற சொல்லை, படத்தின் மேல் ஒரு குறுக்குக் கோட்டை அது தடுக்கவில்லை. உடுப்பு மாறினாலும் மாறக் கூடாத ஒன்றை அவர் உடுப்பிடம் விட்டுவிட்டார். தவறு அவருடையது. செல்வி போனில் அந்தப் பெயரைச் சொன்னாள், தன் பங்கையும் சொன்னாள், ஆனால் அவரை நிறுத்தப்போவதில்லை என்றும் சொன்னாள். எதிர்முனையில் பதில் பேசாமல் வைத்துவிட்டார்கள். அவள் வெளியே வந்தபோது, கையைவிட்டுப் போய்விட்டதா இருக்கிறதா என்று தெரியாத அந்தக் கம்பெனியின் ஸ்லைடுகளில், கிருபாகரன் ஒவ்வொரு இடது பெட்டிக்கும் குறுக்குக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்.