கரைப் பண்டிதர்கள் தள்ளிவிட்ட ஆட்டக்காரன்

கிட்டியைக் கையால் தொடாமலே கிட்டிப்புள் ஆடுகிறவர்களை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? மருதங்குளத்து ராஜ்யத்தில் அப்படி ஐம்பது பேர் இருந்தார்கள்.

கோடையில் அரண்மனைக் குளம் வற்றிவிடும். அதற்குள்ளேதான் ராஜாவின் கிட்டிப்புள் அணி ஆடும். இந்த ஐம்பது பேரும் கரைமேல் வேப்பமர நிழலில் உட்காருவார்கள். அவித்த கடலையைக் கொறித்துக்கொண்டே, கீழே வெயிலில் ஆடுகிறவர்களில் எவன் தேறுவான், எவன் தேறமாட்டான் என்று தீர்ப்புச் சொல்வார்கள். ஊர் அவர்களுக்கு வைத்த பெயர் கரைப் பண்டிதர்கள்.

தலைமைப் பண்டிதர் ஏகாம்பரம். ஏழு வயதில் முட்டியில் புள் பட்டது. அன்றிலிருந்து களத்தில் இறங்கியதே இல்லை. ஆனால் எவன் எத்தனை அடித்தான், எத்தனை தப்பவிட்டான் என்பதெல்லாம் அவருடைய ஓலையில் இருக்கும். ராஜாவுக்கு அந்த ஓலை வேதம்.

அந்த வருஷம் பேச்சிமுத்து என்று ஒரு பதினெட்டு வயதுப் பையன் அணிக்கு வந்தான். ஆடு மேய்க்கிற இடத்தில் பனைமரத்துக்கு மேலே புள்ளைப் பறக்கவிட்டவன். முதல் ஆட்டத்தில் ஒன்றை அடித்தான் பாருங்கள், எதிர்க்கரையில் போய் விழுந்தது.

"இன்னும் நூறு வருஷத்துக்கு இவன்தான்!" என்றார் ஏகாம்பரம்.

அடுத்த ஆட்டத்தில் ஆறு தப்பவிட்டான்.

"நான் அன்னைக்கே சொன்னேனே, இவன் தேறமாட்டான்னு!" என்றார் அதே ஏகாம்பரம்.

மூன்றாவது ஆட்டமும் போயிற்று. அவ்வளவுதான், பண்டிதர்கள் ஓலையைத் தூக்கிக்கொண்டு சபைக்கு வந்துவிட்டார்கள்.

"தேறாதவனை இன்னைக்கே தள்ளிடணும் மகாராஜா. தயவு தாட்சண்யம் கூடாது."

ராஜமுத்திரை விழுந்துவிட்டால் ஆயுளுக்கும் அந்தக் குளத்தில் கால்வைக்க முடியாது. அதுதான் சட்டம். பேச்சிமுத்து ஒரு தூணருகே நின்று, கிட்டி பிடித்துக் காய்த்துப்போன தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தான். ராஜா முத்திரையைக் கையில் எடுத்தார்.

அப்போது செண்பகவடிவு எழுந்தாள். ராணிக்குத் தோழியாக வந்து, புத்தியால் சபையிலேயே இடம் பிடித்தவள் அவள்.

"மகாராஜா, இன்னொருத்தனும் அரண்மனையில பழகிக்கிட்டிருக்கான். அவனையும் பண்டிதர்கள் எடை போட்டுச் சொல்லட்டுமே. ஒரே ஓலையில ரெண்டு பேரையும் முடிச்சிடலாம்."

"சொல்லு வடிவு, எப்படி அவன்?" என்றார் ராஜா.

"ஒரு மாசமாப் பழகுறான். நேத்து எண்ணிப் பார்த்தேன். நாற்பது தடவை முயற்சி பண்ணினான். முப்பத்தெட்டு தடவை விழுந்துட்டான்."

ஏகாம்பரம் குறித்துக்கொண்டார். "நூத்துக்கு அஞ்சுதானா! இந்தப் பேச்சிமுத்துவே தேவலை. எப்படி விழறான் அம்மணி?"

"எழுந்து நின்னதும் விழறான்."

"காலில் பலமில்லை" என்றார் ஒரு பண்டிதர்.

"விழுந்ததும் சில நேரம் அழறான்."

"நெஞ்சுரமும் இல்லை" என்றார் இன்னொருவர்.

"கையில கிட்டியைக் கொடுத்தா?" என்று கேட்டார் ஏகாம்பரம்.

"கடிக்கிறான்."

"கோபக்காரன்! அணிக்கே ஆகாது."

"சாப்பாடாவது ஒழுங்கா சாப்பிடுறானா?" என்றார் ராஜா.

"யாராவது ஊட்டிவிடணும் மகாராஜா. அதையும் பாதி துப்பிடுவான். மத்தியானம் ஆனா தூங்கிடுவான்."

"அரண்மனைச் சோற்றைத் துப்புறானா? ஒண்ணும் அடிக்கறதுக்குள்ள இவ்வளவு மிதப்பா!" என்று சீறினார் ராஜா.

அந்தச் சபையில் இன்னொரு பெண் இருந்திருந்தால் இரண்டாவது கேள்விக்கே சிரித்திருப்பாள். என்ன செய்வது? ஐம்பது பேரும் பிள்ளை பெற்றவர்கள்தான். ஆனால் தொட்டிலில் தூங்குகிற பிள்ளையை மட்டும் பார்த்தவர்கள். தங்கச்சியை இடுப்பில் சுமந்து வளர்த்த பேச்சிமுத்து மட்டும் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையைக் குனிந்தான்.

உடனே உத்தரவும் போட்டார். "எழுதுங்க ஓலையை! இவங்க ரெண்டு பேரும் பொழுது சாயறதுக்குள்ள அரண்மனையை விட்டுப் போகணும். இனி இந்த வாசல்படி மிதிக்கக் கூடாது."

ஓங்கி முத்திரையும் குத்தினார். வடிவு ஓலையைக் கண்ணில் ஒற்றி வாங்கிக்கொண்டாள்.

"ரெண்டாமவன் பேர் என்ன?" என்றார் ஓலை எழுதியவர்.

"இதோ, ஆளையே கூட்டிட்டு வரேன்" என்று உள்ளே போனாள். திரும்பி வந்தபோது அவள் இடுப்பில், கையில் ஒரு முறுக்கோடு, பதினோரு மாத இளவரசர் விஜயகேசரி!

கீழே இறக்கிவிட்டாள். இளவரசர் நின்றார். ஓரடி வைத்தார். பொத்தென்று விழுந்தார். அழுவதா வேண்டாமா என்று சபையை ஒரு சுற்று பார்த்தார். பிறகு அவராகவே எழுந்து மூன்றடி தத்தித் தத்திப் போய், ராஜாவின் காலைக் கட்டிக்கொண்டு சிரித்தார்.

பண்டிதர்கள் ஒருவர் முதுகுக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்தார்கள்.

"உத்தரவுப்படி தேறாதவங்க ரெண்டு பேரையும் வாசலுக்குக் கூட்டிட்டுப் போகட்டுமா மகாராஜா?" என்றாள் வடிவு. "துணிமணியெல்லாம் கட்டி வச்சாச்சு. பேச்சிமுத்து இவரை இடுப்புல தூக்கிக்குவான், பழக்கமிருக்கு."

ராஜா மகனைப் பார்த்தார். பேச்சிமுத்துவைப் பார்த்தார். வயிறு குலுங்கச் சிரித்துவிட்டார்.

"உத்தரவு செல்லாது! ரெண்டு பேரும் இங்கேயே விழுந்து எழுந்து பழகட்டும். ஏகாம்பரம், என்ன சொல்றீர்?"

"நான் அன்னைக்கே சொன்னேனே, இளவரசர் ஓடுவார்னு!" என்றார் ஏகாம்பரம்.

"அப்படியா? நாளையிலிருந்து கரையில உட்காருறவர் எவரானாலும், முதல்ல கீழே இறங்கி மூணு புள் அடிச்சுக் காட்டணும்."

மறுநாள் கரையில் கடலைக்காரி மட்டும்தான் உட்கார்ந்திருந்தாள்.

ஆனால் முதல் நாள் சபை கலைந்ததுமே ராஜா வடிவைத் தனியாகக் கூப்பிட்டிருந்தார். "அந்த ஓலை எங்கே?"

"என் முந்தானையில முடிஞ்சு பத்திரமா இருக்கு. பெத்த பிள்ளையை வெளியேத்த நீங்களே குத்தின முத்திரையாச்சே!"

ராஜா அந்தப்புரத்துப் பக்கம் ஒரு தடவை எட்டிப் பார்த்தார். விரலில் கிடந்த மோதிரத்தைக் கழற்றி அவள் கையில் வைத்தார். குரலைத் தாழ்த்தினார்.

"அம்மா தாயே, இன்னும் என்ன வேணும்னாலும் கேளு. அதை மட்டும் ராணி கண்ணுல காட்டிடாதே!"