அரசரின் கடுகுப் பெட்டி

மாறனேரி நாட்டு அரசர் சுந்தரத்தோளருக்கு வயது எழுபதைத் தொட்டுவிட்டது. நல்ல மனிதர், அதைவிட நல்ல சாப்பாட்டுக்காரர். சிம்மாசனத்துப் படி ஏறினாலே மூச்சு வாங்கும்.

அரண்மனை வைத்தியர் ஏகாம்பரம் கவலைப்பட்டு ஒரு கருவி செய்தார். காலில் கட்டிக்கொள்ளும் சின்னச் செப்புப் பெட்டி. ஓர் அடி வைத்தால் மேல் அறையிலிருந்து ஒரு கடுகு கீழ் அறைக்கு விழும். எவ்வளவு நடந்தோம் என்று மாலையில் திறந்து பார்த்துக்கொள்ளலாம்.

சபையிலிருந்த கிழவர்களுக்கும் ஆளுக்கு ஒன்று கொடுத்தார். அவர்கள் முதலில் முகம் சுளித்தார்கள். "நான் என்ன மாடா, காலில் கட்டிவிட?" என்று பொக்கிஷதார் சீறினார். கொஞ்ச நாளில் அவரே பெட்டியைக் குலுக்கிக் குலுக்கிச் சேனாதிபதியை வம்புக்கு இழுத்தார். "சத்தம் கேட்டதா? உம்முடையதில் இவ்வளவு உண்டா?"

அரசருக்குப் பொறுக்கவில்லை. தங்கத்தில் ஒன்று செய்யச் சொல்லிக் கட்டிக்கொண்டார். அன்று கோயிலுக்குப் போனார், ஏரிக்கரைக்குப் போனார், மாந்தோப்புக்கும் போய்வந்தார். எல்லாம் பல்லக்கில்தான்! மாலையில் சபை நடுவே ஆசையோடு திறந்தால், உள்ளே நாலைந்து கடுகு.

யாரோ களுக்கென்று சிரித்துவிட்டார்கள். அரசர் முகம் சிவந்தது.

"பொய்ப் பெட்டி! ஊரெல்லாம் சுற்றிவந்தவன் நான். வைத்தியரே, நாளைக்கே நாட்டைவிட்டுப் போய்விடும்!"

'நீங்கள் நடக்கவே இல்லை' என்று அரசரிடம் யார் சொல்வது?

அவைப் புலவர் தாண்டவராயர் எழுந்தார்.

"மகாராஜா, ஒரு சந்தேகம். தங்கள் உத்தரவு இல்லாமல் இந்த நாட்டில் ஏதாவது நடக்குமா?"

"எதுவும் நடக்காது!"

"அப்படியானால் வைத்தியர் மேல் குற்றமில்லை. தங்கள் கால்களுக்கு ராஜவிசுவாசம் அதிகம். உத்தரவு வரட்டும் என்று காத்திருக்கின்றன. தாங்கள் பல்லக்குத் தூக்கிகளிடம் மட்டும்தானே 'நட' என்றீர்கள்!"

அரசரின் தொந்தி மெல்லக் குலுங்கியது. பிறகு வாய்விட்டுச் சிரித்தார். குனிந்து தம் பாதங்களைப் பார்த்து, "கால்களே, நடங்கள்!" என்றார். வைத்தியரின் தோளைப் பிடித்தபடி படியிறங்கிச் சபையின் மறுகோடிவரை போய்த் திரும்பினார். வியர்த்தது, முகமோ மலர்ந்திருந்தது.

"இனி தினமும் நடப்பேன். வைத்தியர் என் கூடவே இருக்கட்டும். தாண்டவராயரே, உமக்கு என்ன பரிசு வேண்டும்?"

"அந்தப் பல்லக்கைக் கொடுங்கள், மகாராஜா. தங்களுக்கு இனி வேண்டியிருக்காது. எனக்கோ, வீடுவரை நடந்தால் கால் வலிக்கிறது!"