தலையாட்டிய ஓணானும் மணிப்புறாக் குடும்பமும்

மலையடிக் காட்டில் கூவன் என்றொரு மணிப்புறா இருந்தான். மனைவி செங்காலி. பிள்ளைகள் இரண்டு. பெரியவள் சாமை, சின்னவள் தினை. தினை கூட்டை விட்டு இறங்கிப் பத்து நாள்தான் ஆகியிருந்தது. ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்குப் பறந்தாலே அவளுக்கு மூச்சு வாங்கும்.

கூவனுக்கு ஒரு ஆசை. பெரிய ஏரியில் இருக்கும் பறவைகளின் நகரத்தைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும். பத்து நாள் தங்க வேண்டும். அதைப் பற்றிப் பேசிப் பேசியே செங்காலியைச் சம்மதிக்க வைத்துவிட்டான்.

மரம் மரமாக உட்கார்ந்து, நாலாம் நாள் மத்தியானம் போய்ச் சேர்ந்தார்கள். ஏரி முழுக்க வெள்ளி வெயில். தண்ணீருக்கு நடுவே நிற்கும் கருவேல மரங்களில் ஆயிரக்கணக்கான பறவைகள். தூரத்திலிருந்து பார்த்தால் மரங்கள் பூத்த மாதிரி இருந்தது. கிட்டே போனால் ஒரே கூச்சல். மீன் நாற்றம் வேறு.

"இங்கயா தங்கறது? தலைவலி வந்துடும்" என்றான் கூவன்.

அப்போதுதான் கரைமேல் நின்ற மருதமரத்தைப் பார்த்தான். தனி மரம். இலை அசைந்தால்கூடக் கேட்கும், அவ்வளவு அமைதி. கிளைக்குக் கீழே ஏரி ஒரு கனவு மாதிரி விரிந்து கிடந்தது. அவனுக்கு அந்த இடத்திலேயே மனசு விழுந்துவிட்டது. மனசு விழுந்தபிறகு எவன் யோசிக்கிறான்?

அடிமரத்தில் ஓர் ஓணான் ஒட்டிக்கொண்டிருந்தது. மரத்தைக் காட்டி ஆள் சேர்ப்பது அதன் தொழில்.

"பத்து நாளைக்கு மரம் கிடைக்குமா?" என்று கேட்டான் கூவன்.

ஓணான் தலையாட்டியது.

"தண்ணி பக்கம்தானே? தானியம் கிடைக்குமா?"

தலையாட்டியது.

"சின்னப் பிள்ளை இருக்கு. பயமில்லாத இடம்தானே? மரநாய் கிரநாய் வராதே?"

அதற்கும் நன்றாகத் தலையாட்டியது.

"பாத்தியா? எவ்வளவு மரியாதையான ஆளு" என்றான் கூவன்.

செங்காலி மரத்தைச் சுற்றி ஒருமுறை பறந்துவிட்டு வந்தாள். "ஏங்க, அங்க ஒரு கிளைக்கு நாப்பது பேரு ஒண்டிக்கிட்டு இருக்காங்க. இவ்வளவு நல்ல மரத்துல ஏன் ஒருத்தருமே இல்ல?"

"நம்ம அதிர்ஷ்டம்."

"அடியில எச்சம்கூட இல்லங்க."

"சுத்தமா வச்சிருக்காங்க. அதுக்கும் குறையா?"

செங்காலி பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு ஒரு கிளையில் போய் உட்கார்ந்தாள். நாலு நாள் பறந்த களைப்பு அவளுக்கு.

கூவன் உச்சிக் கிளையில் சாய்ந்து உட்கார்ந்தான். கீழே அல்லிகள் மெல்ல ஆடின. ஒரு நாரையின் நிழல் தண்ணீரில் வந்து, கலைந்து, மறுபடி சேர்ந்தது. காற்று தாலாட்டியது. கண் சொருகியது. பகல் எப்போது மஞ்சளானது என்று அவனுக்கே தெரியாது.

"அப்பா" என்று தினை எழுப்பினாள். "மரத்துல நகக் கீறல் இருக்கு. மரநாய் வருமான்னு ஓணான் மாமாவக் கேட்டேன். வருமாம்."

"சும்மா இரு. என்கிட்ட வராதுன்னு சொன்னாரே."

இறங்கி வந்தான். "ஏம்பா, மரநாய் வராதுதானே?"

ஓணான் தலையாட்டியது.

தினை குறுக்கே புகுந்தாள். "மாமா, வரும்தானே?"

ஓணான் அதற்கும் தலையாட்டியது.

"யோவ், எதுய்யா உண்மை?" என்றான் கூவன்.

"என் கழுத்து பிறந்ததுலேருந்து இப்படித்தான் ஆடுது" என்றது ஓணான். "நான் வாயத் திறந்தேனா? நீங்களா கேட்டீங்க, நீங்களா பதிலும் எடுத்துக்கிட்டீங்க. பொழுது சாயுது, நான் பொந்துக்குப் போறேன்." போயே போய்விட்டது.

கூவன் தண்ணீர் நடுவே இருந்த மரங்களுக்குப் பறந்தான். அங்கே ஒரு நீர்க்காகம் சிறகை விரித்துக் காய வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் அவளுடைய குஞ்சுகள் வாயைப் பிளந்து கத்திக்கொண்டிருந்தன.

"அக்கா, அந்த மருதமரம் எப்படி?"

"அதுலயா இறங்கியிருக்க? போன மாசம் ஒரு மைனாக் குடும்பம் வந்துச்சு. அஞ்சு பேரு. விடிஞ்சப்ப மூணு பேரு." அவள் சாதாரணமாகச் சொன்னாள். "இருட்டினா மரநாய் கரை வழியா வந்து ஏறிடும். அதான் நாங்க இங்க நெருக்கியடிச்சுக் கிடக்கோம். சுத்தித் தண்ணி. யாராவது வந்தா ஆயிரம் பேரு கத்துவோம். உனக்குச் சத்தம் ஆகாதுன்னு பாக்கிறியா?"

"ஆகும்க்கா. எவ்வளவு சத்தம்னாலும் ஆகும்."

"அந்தக் கவட்டையில நாலு பேரு ஒண்டலாம். சீக்கிரம் கூட்டிட்டு வா. பேசிக்கிட்டே நிக்காத."

சூரியன் ஏரியின் விளிம்பைத் தொட்டபோது குடும்பம் கிளம்பியது. பாதித் தூரத்தில் தினையின் சிறகு தளர்ந்தது. தண்ணீர் கிட்டே கிட்டே வந்தது.

"அந்த மூங்கிலப் பாரு. அதுவரைக்கும் போதும்டி" என்றாள் செங்காலி, பிள்ளைக்குக் கீழேயே பறந்தபடி.

வலை கட்ட யாரோ நட்டிருந்த மூங்கில் அது. தினை அதன் நுனியைப் பிடித்துக்கொண்டு நடுங்கினாள். சாமை பக்கத்தில் சுற்றிச் சுற்றிப் பறந்தாள். கூவன் திரும்பிப் பார்த்தான்.

மருதமரத்தில், அவன் சாய்ந்திருந்த அதே கிளையில், ஒரு மரநாய் நின்று முகர்ந்துகொண்டிருந்தது. நிமிர்ந்து ஏரியைப் பார்த்தது. நிதானமாகக் கொட்டாவி விட்டது.

"அப்பா, அது யாரு?" என்றாள் தினை.

"யாருமில்ல. பற. நான் பின்னாடியே வரேன்."

அவள் பறந்தாள். தடுமாறினாள். ஆனால் போய்ச் சேர்ந்தாள்.

ஏரிமேல் பனி இறங்கியது. மரங்கள் ஒவ்வொன்றாக மங்கி, மிதக்கிற மாதிரி ஆயின. மேலே சண்டை, கீழே சண்டை, நாலா பக்கமும் மீன் நாற்றம். கவட்டையில் நாலு பேரும் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்தார்கள். அந்தக் கூச்சலுக்கு நடுவே தினை நிம்மதியாகத் தூங்கிப்போனாள். கூவன் அவள் மூச்சு ஏறி இறங்குவதையே பார்த்துக்கொண்டிருந்தான். ஏரியை அவன் பார்க்கவே இல்லை.

தங்கப் போகும் இடம் எப்படி என்று அதைக் காட்டுகிறவனைக் கேட்காதே, அந்தப் பக்கத்தில் பிள்ளை வளர்க்கிறவளைக் கேள்.