மூன்றாவது பிண்டம்

மலேசியாவில் கிள்ளானில் ஆங்கிலம் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர் குணாளன். ஆடி அமாவாசையன்று நாகப்பட்டினம் கடற்கரையில் தர்ப்பணம் கொடுக்க வந்தவர், பாதியில் நின்றுவிட்டார். அப்பா பெயர் தெரியும். தாத்தா பெயர் தெரியும். தோட்ட வேலைக்குக் கப்பலேறிய கொள்ளுத்தாத்தாவின் பெயர் தெரியாது. தெரியாவிட்டால் சாமி பெயரைச் சொல்லலாமே என்றார் புரோகிதர். குணாளன் ஒப்பவில்லை.

கரையோர மடத்தில் இருந்த மங்கையர்க்கரசி அவருடைய குரு. வயதில் மகளாக இருக்கலாம். அவரிடம் போய் அழாத குறையாகச் சொன்னார்.

“அம்மா, அவர் பேர் யாருக்குமே தெரியல. பசியோட நிக்கிறாரோன்னு நெஞ்சு அடிச்சுக்குது.”

“தோட்டத்துல அவர எப்படிக் கூப்பிட்டாங்க?”

“வெள்ளக்காரன் கூலின்னுதான் கூப்பிட்டான். இங்கிலீஷ்ல அந்த வார்த்த எங்கேருந்து வந்துச்சுன்னு வருஷக்கணக்கா தேடினேன். குஜராத்துல கோலின்னு ஒரு கூட்டம், அவங்க பேருங்கிறாங்க சிலர். நம்ம கூலிதான், போர்ச்சுக்கீசியர் வாயில ஏறிப் போச்சுங்கிறாங்க சிலர். வார்த்தையோட வம்சம் கிடைச்சுது. அவரு கிடைக்கல.”

ஒரு மனிதரைத் தேடப் போய் ஒரு சொல்லின் பூர்வீகத்தோடு திரும்பியிருந்தார். படித்தவர்கள் அப்படித்தான்.

“அந்த வார்த்தையச் சொல்லியே கூப்பிடுங்க,” என்றார் குரு.

“அது வசவும்மா.”

“அவர் திரும்பிப் பாத்த பேரு அதுதானே?”

இருவரும் கரைக்கு வந்தார்கள். குணாளன் ஈர மணலில் மூன்று பிண்டம் வைத்தார். அப்பாவைப் பெயர் சொல்லி அழைத்தார். ஒரு காகம் இறங்கி முதல் பிண்டத்தைக் கொத்தியது. தாத்தாவை அழைத்தார். இன்னொன்று வந்தது. மூன்றாவதன் முன்னால் குனிந்தார். பிறகு வெட்கத்தை விழுங்கிக்கொண்டு, அந்தச் சொல்லைச் சொன்னார்.

காற்று நின்றது. பக்கத்தில் மந்திரம் சொல்லிக்கொண்டிருந்த புரோகிதர் நிமிர்ந்தார்.

காகங்கள் வந்தன. ஊர்ப்பக்கமிருந்து இல்லை, கடலிலிருந்து. வந்துகொண்டே இருந்தன. வெயில் மறைந்து கரை கறுத்தது. ஒன்றும் கரையவில்லை. ஒன்றும் பிண்டத்தைத் தொடவில்லை. தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுக்க நிற்பதுபோல, நனைந்த இறகோடு வரிசை வரிசையாக நின்று அவரையே பார்த்தன.

குணாளன் ஓரடி பின்வாங்கினார்.

“நான் ஒருத்தரத்தானே கூப்பிட்டேன்?”

“அந்தப் பேருக்கு ஒருத்தரா திரும்பிப் பாத்தாங்க?”

“இதுல என் கொள்ளுத்தாத்தா யாரும்மா?”

குரு புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு மடத்துப் பக்கம் திரும்பினார்.

“பெரிய பானைய எடுங்க. நான் போய் அடுப்ப மூட்டறேன்.”